தண்டையார்பேட்டை மாடியில் இலை ஓரம் கருகுகிறது: பூச்சியா, சத்துக் குறைவா, தண்ணீரா?

தண்டையார்பேட்டை மாடி:

அனைவருக்கும் வணக்கம். இரண்டாவது மாடியின் மேல்தளத்தில் இரண்டு ஆண்டுகளாகத் தோட்டம் வைத்திருக்கிறேன். இப்போது 34 பைகள் இருக்கின்றன. மாசி மாதம் முதல் வாரத்தில் பீன்ஸ், மிளகாய், கத்தரி, தக்காளி, கொத்தவரை ஆகியவற்றை விதைத்தேன். எல்லாம் நன்றாகவே முளைத்தன. பங்குனி பிறந்ததிலிருந்து பீன்ஸ் இலைகளின் ஓரம், இஸ்திரிப் பெட்டி சூடு பட்ட துணியைப் போலப் பழுப்பேறிக் கருகுகிறது. மிளகாய் பூக்கிறது, ஆனால் பூ அனைத்தும் காலையில் தளத்தில் கிடக்கிறது. தக்காளியில் காய்க்கு அடிப்பகுதி கறுத்துவிடுகிறது. தொட்டியில் இருக்கும் எலுமிச்சை பாதி இலையை உதிர்த்துவிட்டது. கறிவேப்பிலையின் கொழுந்து வெளிறிப்போய் நிற்கிறது.

நான் செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். வேப்பெண்ணெய்க் கரைசலை வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் தெளித்தேன். பஞ்சகவ்யம் கொடுத்தேன். பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டேன். உரம் வாங்கிய கடையில் மெக்னீசியம் குறைவு என்று சொல்லி எப்சம் உப்பைக் கொடுத்தார்கள். அதையும் இரண்டு முறை ஊற்றியாயிற்று. ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் செடி முன்னிலும் மோசமாகிறது. ஆனால் அதே தளத்தில் கொத்தவரை, சிறுகீரை, காகிதப்பூ மூன்றும் எந்தக் குறையும் இல்லாமல் வளர்கின்றன. பார்த்துப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

எர்ணாவூர்க்காரன்:

அக்கா, இது கடற்காற்று. எங்கள் தெருவில் கிழக்கு பார்த்த மாடி எல்லாவற்றிலும் இதே கதைதான். பதினொரு மணிக்கு மேல் காற்று திரும்பினால் கூடவே உப்பும் வரும். கிழக்குப் பக்கம் பச்சை நிழல்வலை கட்டுங்கள். பிறகு மீன் அமிலம் கொடுத்துப் பாருங்கள். காசிமேட்டில் மீன் வெட்டுமிடத்தில் செவுளும் குடலும் இலவசமாகவே கிடைக்கும். அதே எடைக்கு வெல்லம் சேர்த்து, மூடி இறுக்கிய வாளியில் மூன்று வாரம் வைத்தால் தேன் நிறத்தில் இறங்கும். லிட்டருக்கு 5 மில்லி போதும். பூனைகள் வாளியைச் சுற்றி வருவதைத் தவிர வேறு தொல்லை இல்லை.

மாதவரம் நாற்று:

மருந்து சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கிறேன், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். முதலாவது, கருகல் முதலில் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் தொடங்கியதா, நுனிக் கொழுந்தில் தொடங்கியதா? இரண்டாவது, பையின் விளிம்பிலும் மண்ணின் மேற்பரப்பிலும் வெள்ளையாக ஏதேனும் படிந்திருக்கிறதா? மூன்றாவது, என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள், பையின் அடித்துளை வழியாக அது வெளியேறுகிறதா?

காற்றுதான் காரணம் என்றால் காற்றடிக்கும் பக்கத்து இலைகள்தான் முதலில் கருக வேண்டும். செடியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் கருகாது. கறிவேப்பிலைக் கொழுந்து நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடைப்பகுதி வெளிறினால் அது இரும்புச் சத்தை எடுக்க முடியாத நிலை. கடினநீரில் அடிக்கடி பார்க்கிறோம். தக்காளியின் அடி கறுப்பது சுண்ணாம்புச் சத்து காய்க்கு எட்டாததால் வருவது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் வேரால் நீரை இழுக்க முடியாவிட்டால் அப்படி ஆகும். மூன்றையும் தனித்தனி நோயாக எண்ணி மூன்று மருந்து கொடுப்பதற்குள், மூன்றுக்கும் பொதுவாக ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

தண்டையார்பேட்டை மாடி:

நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்துப் பார்த்தேன். கருகல் அடி இலையில்தான் தொடங்குகிறது, எல்லாப் பக்கமும் கருகுகிறது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. படிக்கட்டின் பக்கத்தில் இருக்கும் ஒரு பீன்ஸ் பைக்கு அரிசி களைந்த நீரை மட்டும் என் மாமியார் ஊற்றி வருகிறார். அதே காற்று, அதே வெயில், அதே விதை; அந்தச் செடியில் ஓர் இலைகூடக் கருகவில்லை.

வெள்ளைப் படிவு இருக்கிறது. பையின் உள்விளிம்பில் விரல் அகலத்துக்கு, சுண்ணாம்பு அடித்ததைப் போல இருக்கிறது. கரண்டியால் சுரண்டினேன், பொரிந்து உதிர்ந்தது. நாக்கு நுனியில் சிறிது வைத்துப் பார்த்தேன். முதலில் கரிப்பு, பிறகு நாக்கை இழுக்கும் ஒரு கசப்பு. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

தண்ணீர், வீட்டின் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். குழாய்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் போதுமான அளவுக்கு வருகிறது. கீழ்வீட்டுக்காரர்கள் சுவரில் கறை இறங்குவதாகச் சொன்னதால் ஒவ்வொரு பைக்கும் அடியில் தட்டு வைத்திருக்கிறேன். தட்டு நிறையாத அளவுக்கு, காலை ஒரு லிட்டர், மாலை ஒரு லிட்டர் என்று அளந்து ஊற்றுகிறேன்.

கொசத்தலை:

அம்மா, உங்கள் கேள்விக்கு உங்கள் மாமியாரே பதில் சொல்லிவிட்டார். நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செடி வளர்ப்பில் உங்களைவிடச் சிறியவன். ஆகவே தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் பகுதியின் நிலத்தடி நீரில் உப்பு இருப்பது புதிய செய்தி அன்று. வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் ஆரணியாறு, கொசத்தலையாறு வடிநிலத்தின் கிணறுகளில் கடல்நீர் ஏறத் தொடங்கியது 1960களின் இறுதியிலேயே பதிவாகியிருக்கிறது. இறைத்த அளவுக்கு ஊறவில்லை என்றால் நன்னீர் பின்வாங்கும், அந்த இடத்தைக் கடல் பிடிக்கும். உங்கள் வீட்டுக் கிணறு கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்து அடுத்தடுத்த வீடுகளிலேயே நீரின் தரம் மாறும். எனவே ஊர்ப் பொதுவாக யாரும் அளவு சொல்ல முடியாது. சில நூறு ரூபாய்க்குப் பேனா வடிவில் டி.டி.எஸ். கருவி கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று அது எண்ணாகக் காட்டும். அளக்க வேண்டியவை மூன்று: கிணற்று நீர், குழாய் நீர், பையின் அடியிலிருந்து வடிந்து தட்டில் நிற்கும் நீர். மூன்றாவதுதான் முக்கியம். வேர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

எண் வந்த பிறகு அதை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். அதுவரை எப்சம் உப்பை நிறுத்துங்கள். அதன் பெயரிலேயே உப்பு இருக்கிறது.

பெரம்பூர்ப் பிச்சி:

நானும் இதில் சேர்ந்துகொள்கிறேன். என்னிடம் காய்கறி இல்லை. மல்லிகையும் பிச்சியும் ரோஜாவும்தான். எங்கள் வீட்டில் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை ஓராண்டாக வீணாக்காமல் வாளியில் பிடித்துச் செடிக்குத்தான் ஊற்றுகிறோம். இயந்திரத்துக்குள் வடிகட்டிய தண்ணீர்தானே, கிணற்று நீரைவிட நன்றாகத்தானே இருக்கும்? அக்காவும் அப்படிச் செய்யலாமே. ஆனால் ரோஜாவில் இலை ஓரம் கருகுவது எங்கள் வீட்டிலும் உண்டு. நான் அதை வெயில் என்று நினைத்திருந்தேன்.

கொசத்தலை:

அம்மா, தயவுசெய்து நிறுத்துங்கள். கணக்கு எளிது. இயந்திரத்துக்குள் 10 லிட்டர் போனால், 3 லிட்டர் குடிநீராகவும் 7 லிட்டர் கழிவாகவும் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குடிநீரில் உப்பு மிகக் குறைவு; அப்படியானால் 10 லிட்டரில் இருந்த உப்பு ஏறக்குறைய முழுவதும் அந்த 7 லிட்டரில்தான் இருக்க வேண்டும். உள்ளே போன நீரின் டி.டி.எஸ். அளவு 1,850 என்றால் வெளியே வரும் கழிவு 2,600ஐத் தாண்டும். கிணற்று நீரைவிட மோசமான நீரை மல்லிகைக்கு ஊற்றுகிறீர்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு. இயந்திரத்துக்குள் போவது கிணற்று நீராக இல்லாமல் குடிநீர் வாரியத்தின் குழாய் நீராக இருந்து, அதன் அளவு 300 என்றால், கழிவு 430 அளவில்தான் இருக்கும். அதைத் தாராளமாக ஊற்றலாம். திருவொற்றியூர், மணலிப் பக்கம் இருப்பவர்களுக்குக் காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் கடல்நீர் ஆலையின் தண்ணீர் வருகிறது. கிணற்றில் கடல் ஏறிவிட்டது, குழாயில் கடலே நன்னீராகி வருகிறது என்பது நம் வடசென்னையின் விசித்திரம். எனவே, கழிவுநீர் நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள். எதன் கழிவு என்று கேளுங்கள்.

பெரம்பூர்ப் பிச்சி:

எங்கள் இயந்திரத்துக்குக் கிணற்று நீர்தான் போகிறது ஐயா. ஓராண்டு!

தண்டையார்பேட்டை மாடி:

கருவி வந்துவிட்டது. கிணற்று நீர் 1,850 காட்டுகிறது. ஐயா எப்படி அதே எண்ணை எழுதினார் என்று தெரியவில்லை. குழாய் நீர் 310. பீன்ஸ் பையின் தட்டில் நின்ற நீர் 5,200. கருவி பழுதோ என்று குழாய் நீரில் கழுவிவிட்டு மீண்டும் வைத்தேன், மீண்டும் 5,200. மாமியாரின் பையில் வடிந்தது 640. ஏ.சி.யின் குழாயிலிருந்து சொட்டும் நீர் 28.

கொசத்தலை:

1,850 வந்தது தற்செயல்தான்; உங்கள் வட்டாரத்தில் நான் அளந்த கிணறுகள் பல அந்தப் பக்கத்திலேயே நின்றன, அதனால் கை பழக்கத்தில் எழுதினேன்.

இப்போது படிப்போம். இந்தப் பேனாக் கருவிகள் உண்மையில் அளப்பது உப்பை அன்று, நீரின் மின்கடத்துதிறனை. அதைப் பெரும்பாலும் 0.5 என்ற எண்ணால் பெருக்கி உங்களுக்குக் காட்டுகின்றன. ஆகவே 1,850 என்றால் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3.7 டெசிசீமென்ஸ். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு வகுத்த பாசன நீர்த்தர அளவுகோலில் 0.7க்குக் கீழே இருந்தால் எந்தச் செடிக்கும் தடையில்லை, 0.7 முதல் 3 வரை செடியைப் பார்த்து ஊற்ற வேண்டும். 3க்கு மேல் கடுமையான கட்டுப்பாடு தேவை. உங்கள் கிணறு அந்த மூன்றாம் வகுப்பில் நிற்கிறது.

ஆனால் உங்கள் செடியைக் கொன்றது 1,850 மட்டும் அன்று. ஒரு லிட்டரில் 1.85 கிராம் உப்பு. நாளைக்கு இரண்டு லிட்டர். மாதத்துக்கு ஒரு பைக்குள் 111 கிராம் போகிறது. செடி நீரை மட்டும் உறிஞ்சும், வெயில் நீரை மட்டும் ஆவியாக்கும், உப்பு அங்கேயே தங்கும். சமையலறைக்குப் போய் 111 கிராம் உப்பைக் கையில் அள்ளிப் பாருங்கள், தெரியும். கிணற்று உப்பு முழுவதும் சோற்றுப்பு அன்று, சுண்ணாம்பும் மெக்னீசியமும் சேர்ந்ததே, ஆயினும் வேருக்கு எல்லாம் சுமைதான். தட்டு வைத்து, வடியவிடாமல், அளந்து ஊற்றிய சிக்கனம்தான் 1,850ஐ 5,200 ஆக்கியது. வடிந்த கொஞ்சத்தையும் பை தட்டிலிருந்து மறுபடி உறிஞ்சிக்கொண்டது.

எர்ணாவூர்க்காரன்:

ஐயா சொல்வது சரியென்று வைத்துக்கொண்டாலும், அதே நீரில் கொத்தவரை எப்படி வளர்கிறது? அதற்கு மட்டும் வேறு கிணறா?

மாதவரம் நாற்று:

நல்ல கேள்வி. இந்த இழையில் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். செடிகள் உப்பைத் தாங்கும் திறன் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது. அதே உணவு வேளாண் அமைப்பின் பட்டியலில், விளைச்சல் குறையத் தொடங்கும் எல்லை, வேர்மண்ணை நீரில் நனைத்து எடுத்த சாற்றின் மின்கடத்துதிறனாக, அதே டெசிசீமென்ஸ் கணக்கில் கொடுக்கப்பட்டிருக்கிறது. பீன்ஸுக்கு அது 1.0. முள்ளங்கிக்கும் வெங்காயத்துக்கும் 1.2. மிளகாய்க்கு 1.5. தக்காளிக்கு 2.5. செங்கிழங்கான பீட்ரூட்டுக்கு 4.0. காராமணிக்கு 4.9. கொத்தவரைக்கு 8.8! பீன்ஸும் காராமணியும் கொத்தவரையும் ஒரே அவரைக் குடும்பம்தான். ஆனால் ஒன்று முதல் மாதத்திலேயே படுத்துவிடும், மற்றொன்று கருகிய செடிகளுக்கு நடுவே சடைசடையாகக் காய்க்கும். மலைக்குளிரில் விளையும் பீன்ஸை உப்பு நீரில் வளர்க்கப் பார்ப்பதும், வறண்ட நிலத்துக் கொத்தவரையை வளர்ப்பதும் ஒன்றாகுமா?

அனுபவத்தில் நான் சேர்ப்பவை: எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பத்துச் செடிகள், இரண்டும் உப்புக்கு அஞ்சுபவை. கீரைகளில் தண்டுக்கீரை, சிறுகீரை, பருப்புக்கீரை நன்றாகத் தாங்கும். பருப்புக்கீரையின் தடித்த இலையைப் பார்த்தாலே தெரியும். பூக்களில் அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, டேபிள் ரோஸ் ஆகியவை கடற்கரை வீடுகளிலேயே செழிப்பவை. ரோஜாவும் மல்லிகையும் அப்படி அல்ல.

கொத்தவரையை நினைத்து இன்னொரு தவறு செய்துவிடாதீர்கள். அது 5,200ஐத் தாங்குகிறது என்பதற்காகப் பையைக் கழுவாமல் விட்டால் அடுத்த பட்டத்தில் அந்தப் பையில் வேறு எதுவும் வராது.

ராயபுரத்துத் திண்ணை:

ஒரு குறுக்குக் கேள்வி. வடிய விடுங்கள் என்கிறீர்கள். எங்கள் வீடு பழைய மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். மேலே உப்பு நீர் வடிந்தால் தளம் என்ன ஆகும்? எடை தாங்குமா?

கொசத்தலை:

உங்கள் தளத்தின் மேல் வைக்காதீர்கள் என்பதே என் பதில். ஈர மண் ஒரு லிட்டர் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். தேங்காய் நார்க்கழிவு கலந்தால் குறையும், இருந்தாலும் 15 லிட்டர்ப் பைகள் முப்பது என்றால் கணக்கு உங்களுக்கே வரும். சுண்ணாம்புத் தளத்தில் ஈரம் நின்றால் முதலில் உத்தரத்தின் முனை சுவருக்குள் மக்கும், அது கீழே இருந்து தெரியாது. உங்களுக்குத் திண்ணையும் முற்றமும் இருக்கின்றனவே, அங்கே வையுங்கள். கான்கிரீட் தளம் உள்ளவர்கள் பையைச் செங்கலின் மேல் தூக்கி வைத்து, கீழே சாய்வாகத் தகடோ பழைய பிளாஸ்டிக் விரிப்போ போட்டு, வடிநீரைத் தளத்தின் வடிகால் வாய்க்கு நேரே கொண்டுபோனால் கீழ்வீட்டுச் சுவர் பிழைக்கும்.

தண்டையார்பேட்டை மாடி:

தட்டுகளை எடுத்துவிட்டேன். ஆனால் பைகளைக் கழுவ வேண்டும் என்றால் எதைக் கொண்டு கழுவுவது? பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நீர் வேண்டும் என்று படித்தேன். 15 லிட்டர்ப் பைக்கு 30 லிட்டர், 34 பைக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல். சித்திரை வெயிலில், குடம் வைத்துக் காத்திருக்கும் தெருவில், குழாய் நீரைச் செடிக்கு ஆயிரம் லிட்டர் ஊற்றினால் அக்கம்பக்கத்தில் என் முகத்தை எப்படிக் காட்டுவது?

கொசத்தலை:

குழாய் நீர் வேண்டாம். உங்கள் கிணற்று நீரே போதும். வியப்பாக இருக்கலாம், 1,850 உள்ள நீர் 5,200 உள்ள மண்ணைக் கழுவும். ஒரே மூச்சில் ஊற்றாமல், பைக்கு ஐந்து லிட்டராக, கால் மணி இடைவெளியில், வடிநீர் 2,500க்குக் கீழே வரும் வரை ஊற்றுங்கள். அதற்குக் கீழே இந்த நீரால் இறங்காது, மீதியை மழை பார்த்துக்கொள்ளும். பிறகு தினமும் ஊற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு கீழே வடிய வேண்டும். இருவேளை ஒவ்வொரு லிட்டர் என்பதை மாற்றி, காலையில் ஒரே வேளையாக இரண்டரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கலந்தும் ஊற்றலாம். மூன்று பங்கு குழாய் நீருடன் ஒரு பங்கு கிணற்று நீரைச் சேர்த்தால் உங்கள் எண்களின்படி 700க்குக் கீழே வரும்; மிளகாய்க்கு அது போதும். ஏ.சி. நீர் தங்கம். அதைக் கறிவேப்பிலைக்கு என்று எழுதி வையுங்கள்.

பெரம்பூர்ப் பிச்சி:

எங்கள் வீட்டு ஏ.சி. ஓர் இரவில் ஆறு லிட்டர் கொடுக்கிறது. சென்னையின் புழுக்கத்தை முதன்முறையாக வாழ்த்தினேன். மல்லிகைத் தொட்டி நான்கையும் அதில்தான் ஓட்டுகிறேன். பத்து நாளில் புதுக் கொழுந்து வந்திருக்கிறது, ஓரம் கருகவில்லை. இந்தப் பருவத்தில் மொட்டு குறைவு. கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்துவிட்டு அடுத்த பங்குனியில் பார்க்கிறேன்.

மாதவரம் நாற்று:

அனைவருக்கும் மண் கலவை பற்றி ஓர் எச்சரிக்கை, ஏனென்றால் உப்பு நீர் வழியாக மட்டும் வருவதில்லை. தேங்காய் நார்க்கழிவுக் கட்டியை அப்படியே ஊறவைத்துப் பையில் நிரப்புகிறவர்கள் அதிகம். கழுவாத நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதி. போன ஆண்டு ஒரு நர்சரியில் ஆயத்தக் கலவை பத்து மூட்டை வாங்கினேன். நாற்று ஒரு விரற்கடை எழுந்து அப்படியே நின்றுவிட்டது. ஒரு பிடியை ஒரு டம்ளர் குழாய் நீரில் கலக்கி வடித்து அளந்தபோது 2,900. அன்றிலிருந்து எந்தக் கட்டியையும் பெரிய டப்பில் ஊறவைத்து, பிழிந்து, நீரை மாற்றி, மூன்று முறையாவது கழுவாமல் தொடுவதில்லை. மூன்றாம் நீர் தேநீர் நிறத்திலிருந்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும்.

கலவையில் நான் போடுவது செங்குன்றம் பக்கத்துச் செம்மண் ஒரு பங்கு, கழுவிய நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தெருவோரத்திலிருந்தும் காலி மனையிலிருந்தும் மண் அள்ளாதீர்கள். தொழிற்சாலையும் குப்பைமேடும் சூழ்ந்த நம் பகுதியில் அந்த மண்ணில் என்ன கொட்டப்பட்டிருக்கிறது என்று மண்ணுக்குத்தான் தெரியும். கீரையையும் அறுத்தவுடன் இரண்டு நீரில் அலசுங்கள், இலைமேல் படியும் புழுதி நம் ஊரில் வெறும் புழுதி அன்று. மண்ணின் மேலே காய்ந்த சருகோ சக்கையோ பரப்பும் மூடாக்கு அவசியம். கரும்புச் சாற்றுக் கடையில் சக்கையைக் கேட்டால் மூட்டையாகவே கொடுப்பார்கள். நன்கு காயவைத்துப் போடாவிட்டால் எறும்பு குடியேறும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளை (கிட்) கிடைக்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள். பையும் நார்க்கழிவுக் கட்டியும் விதையும் மானிய விலையில் வந்துவிடும். கட்டியை மட்டும் கழுவிக்கொள்ளுங்கள்.

எர்ணாவூர்க்காரன்:

காற்று என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், ஆனால் முழுவதும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்தபோது எங்கள் தெருவில் வேப்பமரத்துக்கே கிழக்குப் பக்கம் இலை கருகியது. அன்றைக்குக் காற்றில் உப்பு இருந்தது. புயலோ பலத்த கடற்காற்றோ அடித்த மறுநாள் நல்ல நீரால் இலையைக் கழுவிவிட்டால் கருகல் பாதியாகக் குறையும். மீன் அமிலத்துக்குச் செவுளை நல்ல நீரில் அலசிவிட்டுப் போட வேண்டும் என்பதையும் முன்பு எழுத மறந்தேன். இந்த மழைக்குப் பின் என் மாடி நீரையும் அளக்கப்போகிறேன்.

தண்டையார்பேட்டை மாடி:

ஏறத்தாழ பத்து மாதம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

சித்திரையில் பைகளைக் கிணற்று நீராலேயே கழுவினேன். ஒரு பைக்கு மூன்று மணி நேரம் என்பதால், ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆறாறு பையாக ஆறு வாரம் ஆயிற்று. வடிநீர் 2,400 அளவில் நின்றது. ஐயா சொன்னபடி அதற்குக் கீழே இறங்கவில்லை. பீன்ஸைப் பிடுங்கிவிட்டேன். எலுமிச்சையைச் செங்குன்றத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுத் தரைக்கு அனுப்பினேன். அங்கே அது இப்போது என்னை மறந்துவிட்டது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடியில் இருபது பைகளில் காராமணி, கொத்தவரை, தண்டுக்கீரை, கொடிப்பசலை ஆகியவற்றை மட்டும் விதைத்தேன். அவை அனைத்தும் கிணற்று நீரில்தான். காராமணியில் அசுவினி மொய்த்தது; வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் இரண்டு முறை அடித்ததில் அடங்கியது. அந்த மருந்துக்கு இப்போதுதான் உண்மையாகவே வேலை இருந்தது.

ஐப்பசி மழைக்குப் பைகளை மூடாமல் திறந்தே வைத்தேன். மாடியின் 600 சதுர அடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 550 லிட்டருக்கு மேல் இறங்குகிறது. என் 200 லிட்டர் பீப்பாய்கள் இரண்டும் முதல் மழை ஓய்வதற்குள் வழிந்தன. கார்த்திகை முடிவில் வடிநீர் 380 காட்டியது. விளிம்பின் வெள்ளைப் படிவு ஈரத்துணியால் துடைத்ததும் போய்விட்டது. மார்கழியில் ஆசை விடாமல் இரண்டே பைகளில் பீன்ஸ் விதைத்து, பீப்பாய் நீரிலும் ஏ.சி. நீரிலும் மட்டும் வளர்த்தேன். இரண்டு பையிலும் சேர்த்து ஒன்றேகால் கிலோ. கடையில் வாங்கினால் இதைவிட மலிவுதான். மாமியார் அந்தப் பொரியலை யாரிடமும் பகிரவில்லை. பீப்பாய் காலியானதும் அந்தப் பைகளிலும் காராமணிதான்.

கறிவேப்பிலைக் கொழுந்து இன்னும் சற்று வெளிறித்தான் இருக்கிறது.

மாதவரம் நாற்று:

கறிவேப்பிலைக்குக் கிணற்று நீர் ஒரு சொட்டும் போகாமல் பார்த்துக்கொண்டு, புளித்த மோரைப் பத்துப் பங்கு நல்ல நீரில் கலந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றுங்கள். வேரடியின் காரத்தன்மை சிறிது குறைந்தால் இரும்பு கிடைக்கும். மோரில் உப்புப் போட்டுவிடாதீர்கள் என்று இங்கே எழுத வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நடந்தது.

ராயபுரத்துத் திண்ணை:

முற்றத்தில் பன்னிரண்டு பை வைத்துவிட்டேன். அக்கா, உங்கள் காராமணி விதை கொஞ்சம் கிடைக்குமா?

தண்டையார்பேட்டை மாடி:

முற்றிய நெற்று ஒரு பை நிறையக் காய்ந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது உங்கள் கிணற்று நீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வாருங்கள், அளந்துவிட்டு விதை தருகிறேன்.